பிடிப்பதும் விடுவதும்: வீட்டில் செய்த எண்வழி இயந்திரங்களின் வரலாறு

நாற்காலி ஆடும், முக்காலி ஆடாது. தரை மேடுபள்ளமாக இருந்தாலும் முக்காலியின் மூன்று கால்களும் எப்படியாவது தரையைத் தொட்டுவிடும். நான்காவது கால் வந்தவுடன் தொல்லையும் வந்துவிடுகிறது. நான்கு கால்களும் ஒரே நீளமாக இருந்து, தரையும் சமமாக இருந்தால்தான் நான்கும் ஒருசேரப் படியும். இல்லையேல் ஒரு காலுக்கு அடியில் காகிதத்தை மடித்து வைக்க வேண்டியதுதான்.

வீட்டிலும் சிறு பட்டறையிலும் பள்ளிக்கூடத்திலும் சொந்தமாக முப்பரிமாண அச்சு இயந்திரத்தையோ, கணிப்பொறி இயக்கும் துருவு இயந்திரத்தையோ செய்ய முயன்றவர்களின் கதை முழுவதும் இந்த முக்காலி உண்மைக்குள் அடங்கியிருக்கிறது என்றால் வியப்பாக இருக்கும். அந்தக் கதையைத்தான் இங்கே காணப் போகிறோம்.

இத்தகைய இயந்திரம் செய்யும் வேலை மிக எளியது. எண்களாக வரும் கட்டளைகளைக் கேட்டு மோட்டார்கள் சுழல்கின்றன. அவை ஒரு முனையை இடவலம், முன்பின், மேல்கீழ் ஆகிய மூன்று திசைகளில் நகர்த்துகின்றன. முனையில் உருகிய பிளாஸ்டிக்கைக் கக்கும் குழாய் இருந்தால் அது அச்சு இயந்திரம். சுழலும் வெட்டுளி இருந்தால் அது துருவு இயந்திரம். மோட்டாரும் மின்னணுப் பலகையும் கடையில் கிடைத்துவிடும். மீதமிருப்பவை இரண்டே கேள்விகள்: உடலை எந்தப் பொருளால் செய்வது? துண்டுகளை எப்படி இணைப்பது? பலரும் முதல் கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். வரலாறோ, இரண்டாவது கேள்விதான் பெரியது என்கிறது.

மரத்திலிருந்து இரும்புக்கு

1800-ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் ஹென்றி மாட்ஸ்லே என்பவர் திருகு வெட்டும் கடைசல் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதற்கு முன்பு பெரும்பாலான லேத்துகளின் சட்டம் மரத்தால் ஆனது. வெட்டுளியைத் தொழிலாளி கையால் பிடித்திருப்பார். மாட்ஸ்லேயின் இயந்திரத்தில் சட்டம் உலோகம். உளியைப் பிடித்தது நகரும் தாங்கி. தாங்கியை நகர்த்தியது துல்லியமான திருகுத் தண்டு. கையின் நடுக்கம் வேலையிலிருந்து விலகியது.

அதற்குப் பிறகு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் 'நல்ல இயந்திரம்' என்றால் 'கனமான வார்ப்பிரும்பு' என்பதே பொருளாயிற்று. அமெரிக்காவில் ஜான் பார்சன்ஸ் என்பவர் ஹெலிகாப்டர் இறக்கைகளுக்கான வார்ப்படத் தகடுகளின் வளைவுகளைத் துளை அட்டைகளைக் கொண்டு கணக்கிட்டார். அந்த எண்களையே இயந்திரத்துக்குக் கட்டளையாகக் கொடுத்தால் என்ன என்று எண்ணினார். 1949-இல் அமெரிக்க விமானப் படை அதற்குப் பொருளுதவி அளித்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார் பெரிய மில்லிங் இயந்திரம் ஒன்றை மாற்றியமைத்து, 1952-இல் அதை எண்களால் இயக்கிக் காட்டினார்கள். வெற்றிடக் குழாய்கள் நிறைந்த அலமாரிகள் அதன் மூளையாக இருந்தன. அரசாங்கமும் பெரிய ஆலைகளும் மட்டுமே நினைத்துப் பார்க்கக்கூடிய செலவு அது.

தனி மனிதர்கள் சும்மா இருக்கவில்லை. 1980-களின் தொடக்கத்தில் டேவிட் கிங்கரி என்ற அமெரிக்கர், கரி அடுப்பில் பழைய அலுமினியத்தை உருக்கி, மணல் அச்சில் வார்த்து, வீட்டிலேயே லேத் செய்வது எப்படி என்று தொடர் நூல்கள் எழுதினார். வார்த்த பரப்பைத் துல்லியமாக்க அவர் விலையுயர்ந்த கருவியைக் கேட்கவில்லை. கையால் சுரண்டிச் சமப்படுத்தச் சொன்னார். பாதி முடிந்த லேத்தைக் கொண்டே மீதிப் பாதியைச் செய்யலாம் என்றும் காட்டினார். கணிப்பொறி அதில் இல்லை. ஆனால், இயந்திரத்தைச் செய்ய அதைவிடப் பெரிய இயந்திரம் தேவையில்லை என்ற நம்பிக்கை அதில் இருந்தது.

வலிமை வேறு, விறைப்பு வேறு

இங்கே சற்று நின்று ஓர் அடிப்படைச் செய்தியைத் தெரிந்துகொள்வோம். பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது 'இது உடையுமா?' என்று கேட்பது நம் வழக்கம். அது வலிமையைப் பற்றிய கேள்வி. இயந்திரத்துக்கு முக்கியமானது 'இது எவ்வளவு வளையும்?' என்பது. அது விறைப்பைப் பற்றிய கேள்வி. நுனியில் வரும் விசையால் சட்டம் உடையப் போவதில்லை; தலைமயிர் அளவு வளையும். அந்த அளவு பிழை செய்த பொருளில் பதிந்துவிடும்.

எஃகின் விறைப்பை 200 என்று வைத்துக்கொண்டால், அலுமினியத்துக்கு ஏறக்குறைய 70, பிளைவுட்டுக்குச் சுமார் 10, அக்ரிலிக் கண்ணாடிக்கு 3, சமையலறையில் காய் நறுக்கும் வெள்ளைப் பலகைகளில் பயன்படும் பாலிஎத்திலீனுக்குச் சுமார் 1. இந்தப் பட்டியலைப் பார்த்தால் எஃகைத் தவிர வேறெதையும் தொடத் தோன்றாது.

ஆனால் இன்னொரு விதியும் உண்டு. பலகையின் தடிப்பை இரு மடங்காக்கினால் அது வளைவதை எதிர்க்கும் திறன் 8 மடங்காகும். மூன்று மடங்காக்கினால் 27 மடங்காகும். ஆகவே ஓர் எஃகுத் தகட்டுக்குப் பதிலாக அதைவிட 2.7 மடங்கு தடிப்புள்ள பிளைவுட்டை வைத்தால், வளைவை எதிர்ப்பதில் இரண்டும் ஏறத்தாழச் சமம். எடையோ எஃகின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான்! வீட்டில் செய்பவருக்கு இது பெரிய வரம். இடம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொள்ளச் சம்மதித்தால் மரமும் இயந்திரம் ஆகும்.

அப்படியானால் மரத்தில் செய்த இயந்திரங்கள் ஏன் ஆடுகின்றன? பலகைகள் வளைவதால் அல்ல. அவை சேரும் இடங்கள் நெகிழ்வதால். நுனியில் தொடங்கி, அதன் தாங்கி, வழிகாட்டிக் கம்பி, சட்டம், மேடை என்று சுற்றி வந்து வேலைப்பொருளில் முடியும் ஒரு சங்கிலியாக இயந்திரத்தை நினைத்துப் பாருங்கள். விசை இந்தச் சங்கிலி வழியே ஓடுகிறது. ஒவ்வொரு மூட்டும் அதில் ஒரு கண்ணி. ஒரு கண்ணி தளர்ந்தால் மற்றவை எஃகாக இருந்து பயனில்லை.

விசை குறைந்தது, வழி பிறந்தது

1988-இல் ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கப் பொறியாளர் தம் மகளுக்குப் பொம்மைத் தவளை ஒன்றைச் செய்யப் பசைத் துப்பாக்கியில் பாலிஎத்திலீனையும் மெழுகையும் கலந்து உருக்கி, அடுக்கடுக்காகப் பூசிப் பார்த்தார். அதிலிருந்து பிறந்ததுதான் உருகிய பிளாஸ்டிக் இழையை அடுக்கி உருவம் செய்யும் முறை. 1989-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1992-இல் அது கிடைத்தது. 2009-இல் அதன் காலம் முடிந்தது.

இம்முறையின் சிறப்பை ஒரு பொறியாளரின் கண்ணால் பாருங்கள். வெட்டுளி உலோகத்தைக் கடிக்கும்போது சட்டத்தைப் பலமாகத் தள்ளுகிறது. பிளாஸ்டிக்கைக் கக்கும் முனையோ எதையும் தள்ளுவதில்லை. விசை சிறிதானால் உடலும் மெலிதாக இருக்கலாம். மாட்ஸ்லே காலத்திலிருந்து வந்த வார்ப்பிரும்புக் கட்டாயம் இங்கே தளர்ந்தது. 2005-இல் இத்தாலியில் ஆர்டுவினோ என்ற மலிவான மின்னணுப் பலகை பிறந்ததும், மூளையின் செலவும் வீட்டுக்கு எட்டியது.

கம்பியும் மூலையும்: டார்வின்

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் ஆசிரியராக இருந்த ஏட்ரியன் போயர், 2004-இல் ஒரு துணிச்சலான எண்ணத்தை வெளியிட்டார். தன் பாகங்களைத் தானே அச்சிடும் இயந்திரத்தைச் செய்ய வேண்டும். வரைபடங்களை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி அது உயிரினம் போலப் பெருக வேண்டும். இதுவே ரெப்ராப் திட்டம். முதல் இயந்திரத்துக்கு 'டார்வின்' என்று பெயர். 2007-இல் அது உருப்பெற்றது.

பொருள் தேர்வு அவருக்கு எளிதாக முடிந்தது. உலகின் எந்த ஊர் இரும்புக் கடையிலும் கிடைக்கும் 8 மில்லிமீட்டர் மரைக் கம்பிகள் சட்டமாயின. கம்பிகளைச் சேர்க்கும் மூலைத் துண்டுகளை இயந்திரமே பிளாஸ்டிக்கில் அச்சிடும். 2008 மே 29 அன்று பாத் நகரில், ஒரு டார்வின் அச்சிட்ட பாகங்களைக் கொண்டு நியூசிலாந்தைச் சேர்ந்த விக் ஆலிவரும் போயரும் இரண்டாவது டார்வினை ஓட்டிக் காட்டினார்கள். அந்தக் குழந்தை இயந்திரம் அன்றே தன் குழந்தைக்கான ஒரு பாகத்தையும் அச்சிட்டது.

எண்ணம் வென்றது. ஆனால் டார்வினைக் கட்டி முடித்தவர்கள் பட்ட பாடு சிறிதன்று. காரணம் இரண்டு. டார்வின் ஒரு கனசதுரச் சட்டம். நான்கு பக்கச் சட்டத்துக்கு ஓர் இயல்பு உண்டு. பழைய கட்டிலைப் பக்கவாட்டில் தள்ளினால் நான்கு பக்கங்களும் நீளம் மாறாமலே சாய்ந்துவிடும். அதைத் தடுப்பது மூலைகளின் இறுக்கம் மட்டுமே. டார்வினில் அந்த மூலைகள் பிளாஸ்டிக்.

இரண்டாவது காரணம் நமது நாற்காலிதான். வேலைமேடையை ஏற்றி இறக்க நான்கு மூலைகளிலும் நான்கு திருகுகள் இருந்தன. நான்கையும் ஒரு பல்வார் சேர்ந்து சுழற்றியது. மூன்று புள்ளிகள் ஒரு தளத்தைத் தீர்மானித்துவிடும். நான்காவது திருகு மற்ற மூன்றோடும் ஒத்துப்போனால் நலம். வாரில் ஒரு பல் நழுவினாலும் மேடை முறுக்கிக்கொள்ளும்.

முக்கோணத்தின் வெற்றி

2009-இல் வந்த 'மெண்டல்' இந்தப் பாடங்களைக் கற்றிருந்தது. அதே மரைக் கம்பிகள்; அதே அச்சிட்ட பிளாஸ்டிக். பொருள் மாறவில்லை, மூட்டின் அமைப்புதான் மாறியது. பக்கங்கள் இரண்டும் முக்கோணங்களாயின. மூன்று கம்பிகளின் நீளம் நிலைத்துவிட்டால் முக்கோணம் சாய முடியாது. மூலை சற்றுத் தளர்வாக இருந்தாலும் வடிவம் கெடாது. கூரைக் கைமரங்களிலும் இரும்புப் பாலங்களிலும் முக்கோணங்களையே பார்க்கிறோமே, அதன் காரணமும் இதுதான். கம்பியின் இருபுறமும் நட்டுகள் இருந்ததால், அவற்றைத் திருகியே நீளத்தைச் சரிசெய்துகொள்ளவும் முடிந்தது. அறுக்கும்போது கம்பி 2 மில்லிமீட்டர் பிசகினாலும் கவலையில்லை.

அடுத்த ஆண்டு, 2010-இல், செக் நாட்டு இளைஞர் ஜோசப் புரூசா மெண்டலை மேலும் எளிமையாக்கினார். 2012-இல் அவர் வெளியிட்ட மூன்றாவது வடிவம் உலகெங்கும் பரவியது. அதன் இரு இடங்களை நாம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, வேலைமேடை. அது இரண்டு வழவழப்பான கம்பிகளின் மீது முன்பின்னாக ஓடுகிறது. கம்பிக்கு இரண்டு வீதம் நான்கு பேரிங் வைப்பதுதானே இயல்பு? புரூசாவின் இயந்திரத்தில் மூன்றே பேரிங்குகள்: ஒரு கம்பியில் இரண்டு, மற்றதில் ஒன்று. செலவை மிச்சப்படுத்த மட்டும் அல்ல. ஒரு பொருளுக்கு ஆறு வகை அசைவுகள் உண்டு: மூன்று திசைகளில் நகர்தல், மூன்று அச்சுகளில் திரும்புதல். மேடை ஒரு திசையில் மட்டும் ஓட வேண்டுமானால் ஐந்து அசைவுகளைத் தடுத்தால் போதும். ஒவ்வொரு பேரிங்கும் இரண்டைத் தடுக்கிறது. மூன்று பேரிங்குகள் தடுப்பது ஆறு. தேவைக்கு ஒன்றுதான் கூடுதல். நான்கானால் எட்டு, மூன்று கூடுதல். கூடுதலான ஒவ்வொரு தடையும், கம்பிகள் மிகச் சரியாக இணையாக இருக்க வேண்டும் என்று கெடுபிடி செய்யும். அவை இணையாக இல்லாவிட்டால் மேடை சிக்கி நிற்கும். மீந்த அந்த ஒரு தடையும் இடர் செய்யாதபடி, பேரிங்குகளை இறுகத் திருகாமல், மின்கம்பிகளைக் கட்டும் பிளாஸ்டிக் நாடாவால் கட்டினார்கள். நாடாவின் இளக்கமே சிறு பிழையை விழுங்கிவிடும்.

இரண்டாவது, மேல்கீழ் நகர்த்தும் திருகுகள். கடையில் வாங்கும் மரைக் கம்பி எதுவும் நேராக இருப்பதில்லை. முந்தைய வடிவங்களில் 8 மில்லிமீட்டர் மரைக் கம்பி சுழலும்போது தன் வளைவுக்கு ஏற்ப முழுத் தாங்கியையும் பக்கவாட்டில் தள்ளியது. அச்சிட்ட சுவரில் வரிவரியாக மேடுகள் தோன்றின. பலர் திருகின் மேல்முனையைப் பேரிங்கில் இறுகப் பிடித்துப் பார்த்தார்கள். மேடுகள் கூடினவே தவிர, குறையவில்லை. புரூசாவின் மூன்றாவது வடிவம் நேர்மாறாகச் செய்தது. திருகு 5 மில்லிமீட்டராக மெலிந்தது. மேல்முனை பிடியின்றி விடப்பட்டது. அடியில் மோட்டாரோடு ஒரு ரப்பர் போன்ற குழாயால் இணைக்கப்பட்டது. திருகு இப்போது தாங்கியைத் தூக்கும், தள்ளாது. நேராக நகர்த்தும் வேலையை அதற்கென்றே உள்ள வழவழப்பான கம்பிகள் பார்த்துக்கொண்டன.

இது புதிய அறிவன்று. பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சனும், ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல்லும் அளவைக் கருவிகளைப் பற்றி 1860-களிலும் 70-களிலும் சொன்னதுதான் இது: எத்தனை அசைவுகளைத் தடுக்க வேண்டுமோ, அத்தனை தொடுபுள்ளிகள் மட்டும் இருக்கட்டும். துல்லியமான பாகங்களைக் கேட்காமலே துல்லியத்தைத் தரும் விதி அது. பணக்கார ஆலை அந்த விதியை மறந்தும் பிழைக்கலாம். பாகங்களை வேண்டிய துல்லியத்தில் வெட்டிக்கொள்ளும். ஏழைப் பட்டறை மறக்கவே கூடாது.

பலகை வழி

மரைக் கம்பிக்கு இணையாக இன்னொரு வழியும் வளர்ந்தது. லேசர் வெட்டு இயந்திரம் உள்ள இடத்தில் பலகைகளை வேண்டிய வடிவில் நொடியில் வெட்டிவிடலாம். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 2006-இல் உருவான 'ஃபேப் அட் ஹோம்' இயந்திரத்தின் உடல் அக்ரிலிக் பலகை. நியூயார்க்கில் 2009-இல் தொடங்கிய மேக்கர்பாட் நிறுவனத்தின் முதல் இயந்திரமான 'கப்கேக்' பிளைவுட் பெட்டி.

பிளைவுட் பெட்டியின் மூட்டு அழகானது. ஒரு பலகையின் விளிம்பில் நாக்கு. மற்றதில் அதற்கேற்ற துளை. நாக்கின் அருகே சிலுவை வடிவில் ஒரு வெட்டு. அதில் நட்டு உட்கார்ந்துகொள்ளும். எதிர்ப்புறமிருந்து போல்ட்டைச் செலுத்தி முடுக்கினால் இரண்டு பலகைகளும் செங்கோணத்தில் இறுகும். இங்கே நிலையைத் தீர்மானிப்பது நாக்கு. இழுத்துப் பிடிப்பது போல்ட். இரு வேலைகளையும் பிரித்துவிட்டதுதான் இதன் நுட்பம்.

குறைகளும் உண்டு. 5 மில்லிமீட்டர் என்று விற்கும் பிளைவுட் சில சமயம் 4.8 இருக்கும், சில சமயம் 5.2 இருக்கும், நாக்கு தளரும் அல்லது நுழையாது. நட்டின் அழுத்தத்தில் மரம் நசுங்கிச் சில வாரங்களில் போல்ட் இளகும். மழைக் காலத்தில் பலகை ஈரத்தை உறிஞ்சித் தடிக்கும். மரத்தூளை அழுத்திச் செய்யும் பலகையானால் விளிம்பில் நீர் பட்டதும் ஊதிவிடும். ஆனால் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய அடுக்குகளால் பிளைவுட்டின் நீளமும் அகலமும் அதிகம் மாறுவதில்லை. விளிம்புகளுக்கு வார்னிஷ் பூசி, இடையிடையே போல்ட்டுகளை முடுக்கி வந்தால் அது நன்றாகவே உழைக்கும்.

அக்ரிலிக் கண்ணுக்கு அழகு, கைக்குத் தொல்லை. போல்ட்டை இறுக முடுக்கினால் துளையின் ஓரத்தில் நூலிழை போல விரிசல் விடும். வெப்பத்தில் விரிவதும் அதிகம். 30 செ.மீ. நீளமுள்ள எஃகு 10 டிகிரி செல்சியஸ் சூடேறினால் 0.04 மில்லிமீட்டருக்கும் குறைவாகவே நீளும், அக்ரிலிக் 0.2 மில்லிமீட்டர் நீளும். அச்சு இயந்திரம் இடும் ஓர் அடுக்கின் தடிப்பே பெரும்பாலும் அவ்வளவுதான்! அச்சிட்ட பாகங்களிலும் ஓர் எச்சரிக்கை: சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ பிளாஸ்டிக் ஏறத்தாழ 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சூடாகும் மோட்டாரை அதில் பொருத்தினால் மெல்லச் சரிந்துவிடும்.

2010-ஐ ஒட்டி மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் உருவான 'ஸ்னாப்' என்னும் சிறு துருவு இயந்திரம் நல்ல பாடம் ஒன்றைத் தருகிறது. அதன் உடல் அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன். விறைப்புப் பட்டியலில் கடைசியில் நின்ற அதே பொருள்! அதில் பசை ஒட்டாது. போல்ட்டின் அழுத்தத்தில் அது மெல்ல வழிந்துகொடுக்கும். ஆனால் வளைத்தால் விரிசலின்றித் திரும்பும். ஆகவே துண்டுகளை 'டக்'கென்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் மூட்டுகளால் சட்டத்தைச் செய்தார்கள். தடித்த பலகைகள் ஒன்றையொன்று தாங்கி நிற்க, சிறிய மின்சுற்றுப் பலகைகளைத் துருவ அந்த விறைப்பு போதுமானது. பொருளே மூட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டது எனலாம்.

அலுமினியமும் வார்ப்பும்

மரத்தையும் அலுமினியத்தையும் வெட்ட வேண்டுமானால் விறைப்பு கூடுதலாக வேண்டும். 2011-இல் அமெரிக்காவில் பிறந்த 'ஷேப்ஓக்கோ' என்ற துருவு இயந்திரம், நீளவாக்கில் பள்ளங்களும் தண்டவாளமும் சேர்ந்தே அமைந்த அலுமினிய நீளத்துண்டுகளைப் பயன்படுத்தியது. அதன் மீது வி வடிவப் பள்ளமுள்ள சக்கரங்கள் ஓடின. சில சக்கரங்களின் அச்சாணி மையத்திலிருந்து சற்று விலகியது. அதைத் திருப்பினால் சக்கரம் தண்டவாளத்தை நெருங்கும். தேய்ந்தால் மறுபடி திருப்பலாம். தேய்மானத்தை முன்னமே எதிர்பார்த்த மூட்டு இது.

அலுமினிய நீளத்துண்டு நேராக வருகிறது என்பதால் சட்டம் தானே நேராகிவிடாது. அதன் வெட்டுமுனை சாய்ந்திருந்தால் சட்டமும் சாயும். ஆலையில் முனையை இயந்திரத்தால் சமப்படுத்துவார்கள். கை ரம்பத்தால் அறுப்பவர் முனையை நம்பாமல், மூலையில் எல் வடிவத் தகட்டை வைத்துச் செங்கோணத்தை அதிலிருந்து பெற வேண்டும்.

இன்னொரு பழைய தந்திரமும் திரும்பி வந்தது. 1839-இல் ஐசக் பாபிட் என்ற அமெரிக்கர் பேரிங்குகளுக்கென ஒரு மென்மையான உலோகக் கலவையைக் கண்டுபிடித்தார். சுழல்தண்டைச் சரியான இடத்தில் பிடித்துக்கொண்டு, சுற்றியுள்ள இடைவெளியில் அதை உருக்கி ஊற்றினால் போதும். முரட்டு வார்ப்பினுள்ளே சரியான இருக்கை அமைந்துவிடும். இன்று வீட்டுப் பட்டறையில் தண்டவாளத்துக்கு அடியில் எபாக்சி பசையை ஊற்றிச் சமப்படுத்துவோர் செய்வதும் இதையே. 1970-களில் சுவிட்சர்லாந்தின் ஸ்டூடர் நிறுவனம் கருங்கல் துகளை எபாக்சியில் குழைத்துத் தன் சாணை இயந்திரங்களின் உடலை வார்க்கத் தொடங்கியது. அந்தக் கலவை அதிர்வை வார்ப்பிரும்பைவிட நன்றாக அடக்கும். குளிர்ந்த நிலையில் ஊற்றலாம். அடுப்பு இல்லாத வீட்டுப் பட்டறையிலும் அது முடிகிறது.

யாருடைய இயந்திரம்?

இனி, இவ்வளவு தொல்லை எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஆலையில் செய்த அச்சு இயந்திரங்கள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. மேக்கர்பாட் நிறுவனமே 2012-இல் பிளைவுட்டை விட்டு எஃகுச் சட்டத்துக்கு மாறியது. அதோடு தன் வரைபடங்களை வெளியிடுவதையும் நிறுத்தியது. எஃகு நல்ல பொருள்தான். ஆனால் மூடிய வரைபடத்தோடு வரும் எஃகு இயந்திரத்தில் ஒரு பாகம் உடைந்தால், செய்தவரின் கதவைத்தான் தட்ட வேண்டும்.

மகாராஷ்டிரத்தில் புனே மாவட்டத்தில் பாபல் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1983-இல் டாக்டர் கல்பாக் என்ற விஞ்ஞானி, கிராமத்து இளைஞர்களுக்குக் கைவேலை வழியாகக் கல்வி தரும் விஞ்ஞான் ஆசிரமத்தை நிறுவினார். எண்வழி இயந்திரங்கள் கொண்ட 'ஃபேப் லேப்' பட்டறைகள் மாசசூசெட்ஸிலிருந்து வெளியே பரவத் தொடங்கியபோது, 2002-இல் முதலிடங்களில் ஒன்றாக அமைந்தது அந்தச் சிற்றூர்தான். அத்தகைய ஊரில் இயந்திரம் நின்றுவிட்டால் பழுதுபார்க்கப் பெருநகரத்திலிருந்து ஆள் வரக் காத்திருக்க முடியாது. ஒரு மூட்டு ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்தவர் உள்ளூரில் ஒருவராவது வேண்டும். அந்தப் புரிதல், இயந்திரத்தை ஒருமுறையாவது தன் கையால் கட்டிப் பார்த்தவருக்கே எளிதில் வருகிறது. 2008-இல் பாத் நகரில் பிறந்த குழந்தை இயந்திரத்தின் உண்மையான பயனும் இதுவே. நட்டு போல்ட்டுகளை விட்டுக் கணக்கிட்டால் ஏறக்குறைய பாதிப் பாகங்களையே அத்தகைய இயந்திரம் தானே அச்சிட்டது. ஆனால் அதைக் கட்டியவர்கள் முழு இயந்திரத்தையும் அறிந்துகொண்டார்கள்.

நீங்கள் கட்ட எண்ணினால், இந்த வரலாறு காட்டும் வரிசை இது. முதலில் விசையைக் கேளுங்கள்: அச்சிடவா, வெட்டவா? அச்சிட என்றால் மரமும் கம்பியும் போதும். வெட்ட என்றால் தடித்த பலகையோ அலுமினியமோ வார்ப்போ வேண்டும். அடுத்து, உங்கள் கையில் உள்ள கருவியைக் கேளுங்கள். ரம்பமும் துளைக் கருவியும் மட்டும் இருந்தால், நீளத்தை நட்டால் சரிசெய்யக்கூடிய கம்பிச் சட்டம். அருகில் லேசர் இருந்தால் நாக்கும் துளையுமான பலகைப் பெட்டி. அதன் பிறகு ஒவ்வொரு மூட்டிடமும் சென்று, 'நீ எந்த அசைவைத் தடுக்கிறாய்? அதை ஏற்கெனவே வேறொருவர் தடுத்துவிட்டாரா?' என்று கேளுங்கள். இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்தால் ஒருவரை விடுவித்துவிடுங்கள். எந்த மூட்டையும் பிரித்து மறுபடி இறுக்க இடம் வையுங்கள்; ஒட்டிவிட்டால் திருத்த வழியில்லை.

கட்டி முடித்ததும் தச்சர்கள் கதவுச் சட்டத்துக்குச் செய்யும் சோதனையைச் செய்யுங்கள். எதிரெதிர்ப் பக்கங்கள் சமமான சட்டத்தில் இரண்டு மூலைவிட்டங்களையும் நூலால் அளந்து பாருங்கள். 30 செ.மீ. உயரமும் 40 செ.மீ. அகலமும் உள்ள சட்டத்தில் இரண்டும் 50 செ.மீ. இருக்க வேண்டும். அவை 2 மில்லிமீட்டர் வேறுபட்டால், சட்டம் அதன் உயரத்தில் ஏறத்தாழ 1.25 மில்லிமீட்டர் சாய்ந்திருக்கிறது என்று பொருள். நட்டை இளக்கி, சட்டத்தை மெல்லத் தட்டி, மறுபடி முடுக்குங்கள். ஒரு மாதம் ஓட்டிய பிறகு அதே நூலால் மீண்டும் அளந்து பாருங்கள். எந்த மூட்டு இளகியிருக்கிறதோ, அடுத்து மாற்ற வேண்டியது அதைத்தான்.